காத்திருக்கத் தெரியாத டாஸ்க்

கேள்வி: எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல ஃப்ரீஆர்டாஸ் (பல டாஸ்க்க, அதாவது தனித்தனி வேலைகள, ஒரே சிபியூல மாத்தி மாத்தி ஓட்டுற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு ப்ராஜெக்ட் பண்றேன் சார். பட்டன் அழுத்துறாங்களான்னு பாக்குற டாஸ்க்குக்கு ப்ரையாரிட்டி 3, டிஸ்ப்ளேக்கு 1 (நம்பர் பெருசானா முன்னுரிமை ஜாஸ்தி). பட்டன் ஓகே, டிஸ்ப்ளே அப்படியே நின்னுடுது. டிஸ்ப்ளேக்கும் 3 குடுத்தா ரெண்டும் ஓடுது. இப்படியே விட்டுடலாமா?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: விட்டுடாதீங்கம்மா. இப்ப ஓடுற மாதிரி தெரியும், ஆனா கோளாறு உள்ளயே தான் இருக்கு. ஒரு டாஸ்க் நாலு நிலையில ஏதாவது ஒண்ணுல தான் இருக்கும், ரன்னிங் (ஓடுது), ரெடி (ஓட தயார், முறைக்கு நிக்குது), பிளாக்டு (ஏதோ ஒண்ணுக்காக காத்திருக்கு), சஸ்பெண்டட் (நிறுத்தி வச்சிருக்கு). உங்க டிஸ்ப்ளே நின்னு போகல, ரெடில வரிசைல நிக்குது, அதோட முறை தான் வரவே இல்ல. ஏன்னா ரெடியா இருக்குறதுல யாருக்கு ப்ரையாரிட்டி ஜாஸ்தியோ அவங்களுக்கு தான் ஷெட்யூலர் (யார் ஓடணும்னு முடிவு பண்ற பகுதி) சிபியூவ குடுக்கும், உங்க பட்டன் டாஸ்க் வொய்ல் லூப்ல பட்டன் மாட்டியிருக்குற பின்ன (pin) மட்டுமே பாத்துகிட்டு ஒரு நொடி கூட பிளாக்டுக்கு போகாம சுத்துது, அப்புறம் கீழ இருக்குறவங்களுக்கு எப்படி கிடைக்கும்?

ரெண்டுக்கும் 3 குடுத்ததும் டிக்குக்கு (சிஸ்டம் டைமரோட ஒரு துடிப்புக்கு) ஒருத்தர்னு மாறி மாறி ஓடுது, அவ்ளோதான். பாதி சிபியூ அந்த வெட்டி லூப்லயே போகுது. இன்னொண்ணு, ப்ரையாரிட்டி 0ல இருக்குற, வேற யாருக்கும் வேலை இல்லாதப்ப ஓடுற ஐடில் டாஸ்க்குக்கு நேரமே கிடைக்காது. தன்னைத்தானே டெலீட் பண்ணிக்கிற டாஸ்க்கோட மெமரிய திருப்பி எடுக்குறது அது தான், அத பட்டினி போட்டா மெமரி திரும்பவே வராது.

செய்ய வேண்டியது இது தான்: பட்டனுக்கு இன்டரப்ட் (அழுத்துனதும் சிபியூவ கூப்பிடுற சிக்னல்) வைங்க, அதுல பைனரி செமஃபோர் (டாஸ்க்க எழுப்புற ஒரு கொடி மாதிரி) குடுங்க (ஐஎஸ்ஆர்க்குன்னே, அதாவது இன்டரப்ட் வந்ததும் ஓடுற கோடுக்குன்னே, இருக்குற ஃபங்ஷன் தான், சாதா ஃபங்ஷன் கூடாது, கடைசில டாஸ்க்க உடனே மாத்தச் சொல்ற யீல்டையும் மறக்காதீங்க, இல்லனா அடுத்த டிக் வரைக்கும் மாறாம போகலாம்). டாஸ்க் அந்த செமஃபோருக்காக பிளாக்டுல காத்திருக்கட்டும். பட்டன் அழுத்துற வரைக்கும் சிபியூ நேரம் துளி கூட எடுக்காது, அழுத்துனதும் 3ங்கறதால உடனே முந்தி வந்துடும். ப்ரையாரிட்டி ஜாஸ்தியா வச்சிருக்க டாஸ்க் தான் அதிகமா காத்திருக்கணும், இத மனசுல ஆழமா பதிச்சுக்கோங்க. பவுன்ஸுக்கு (ஒரு தடவை அழுத்துனாலும் பட்டன் துடிச்சு பல தடவையா தெரியறதுக்கு) 20 மில்லி செகண்ட் டிலே வைக்கும்போது வெறும் 20னு போடாதீங்க, அது டிக் கணக்கு, டிக் ரேட் 100 ஹெர்ட்ஸ்னா அது 200 மில்லி செகண்ட் ஆயிடும்.

கேள்வி: பைனரி செமஃபோர் இருக்கே, ஒரு நேரத்துல ஒரு டாஸ்க் மட்டும் பிடிச்சு வைக்கிற பூட்டு மாதிரியான மியூடெக்ஸ் எதுக்கு தனியா?
- வாசகர், ஓசூர்

பதில்: இதுக்கு ஒரு நிஜ கதை இருக்கு. 1997 ஜூலை 4 அன்னிக்கு செவ்வாய் கிரகத்துல இறங்குன மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் திடீர் திடீர்னு ரீசெட் ஆச்சு, விஎக்ஸ்வொர்க்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓடுனது. வானிலை டேட்டா எடுக்குற கீழ்ப்ரையாரிட்டி டாஸ்க் ஒரு மியூடெக்ஸ பிடிச்சிருக்கு, ப்ரையாரிட்டில மேல இருக்குற பஸ் (கருவிகளுக்கு நடுவுல டேட்டா போற பாதை) டாஸ்க் அதுக்காக பிளாக்டுல நிக்குது, நடுவுல இருந்த கம்யூனிகேஷன் டாஸ்க் புகுந்து ஓட, வானிலை டாஸ்க்கால மியூடெக்ஸ விடவே முடியல. பஸ் வேலை நேரத்துக்கு முடியலன்னு கண்டதும் சிஸ்டம் ரீசெட். அந்த மியூடெக்ஸ்ல ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் ஆஃப்ல இருந்துச்சு, பூமில இருந்தே ஆன் பண்ணி சரி பண்ணாங்க. அத ஆன் பண்ணா, பிடிச்சிருக்குறவனுக்கு விடுற வரைக்கும் காத்திருக்கிறவனோட ப்ரையாரிட்டி கிடைக்கும்.

ஃப்ரீஆர்டாஸ்ல மியூடெக்ஸுக்கு இது கூடவே வருது, பைனரி செமஃபோருக்கு கிடையாது. அதனால ரெண்டு டாஸ்க் பங்கு போடுற எஸ்பிஐ பஸ், யூஆர்ட் மாதிரி டேட்டா அனுப்புற இணைப்புகளுக்கு மியூடெக்ஸ், இன்டரப்ட்ல இருந்து டாஸ்க்க எழுப்ப செமஃபோர். ஐஎஸ்ஆர் உள்ள மியூடெக்ஸ தொடவே தொடாதீங்க.