வெளிநாட்டு மருமகள், மருமகன்: விசா கேள்விகளுக்குப் பதில்கள்

துணை வெளிநாட்டவர், குடித்தனம் கொங்கு நாட்டில். இதற்கு என்ன விசா என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பந்தல்காரரிடம் காட்டிய அக்கறையில் பாதியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டியிருந்தால், இவற்றில் பல வந்தே இருக்காது.

திருப்பூர் வாசகர்: பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நான் மணக்கவிருக்கும் பெண் போலந்துக்காரர். சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே திருமணம் செய்துகொள்ளலாமா? உடனே திரும்பிப் போக வேண்டுமா?

செய்துகொள்ளலாம் தம்பி. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். இருவரில் ஒருவர் மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்கள். மனுக் கொடுத்ததும் அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபணை இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். மனுக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவர் மணமாகாதவர் என்பதற்குப் போலந்து அரசின் சான்றிதழையும் பதிவாளர் கேட்பார். அதில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வேற்று நாடுகளுக்கு உறுதிசொல்லும் அரசு முத்திரை, இருக்கட்டும். இங்கு வந்தபின் வாங்க அலைய வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் விசாவின் வகை. 30 நாள் இ-விசாவில் வந்தால், அறிவிப்பு பலகையில் இருக்கும்போதே விசா முடிந்துவிடும். அதோடு, இ-விசாவை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது என்பதே பொது விதி. ஆகவே தூதரகத்தில் முத்திரையிட்டு வாங்கும் சுற்றுலா விசாவில் வரச் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழ் கைக்கு வந்ததும், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் அதை எக்ஸ் விசாவாக, அதாவது நுழைவு விசாவாக மாற்றித் தரும்படி, வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாற்றம் தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ, சான்றிதழோடு ஊர் திரும்பி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எக்ஸ் விசா கேட்க வேண்டியதுதான். அந்தப் பயணச் செலவை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம் வாசகர்: சிவன்மலையில் தாலி கட்டி, ஊரழைத்து விருந்தும் வைத்துவிட்டோம். மனைவி ஜெர்மானியர், கிறித்தவர். இந்துத் திருமணச் சட்டத்தில் பதிய முடியாது என்கிறார்கள். ஆல்பம், பத்திரிகை, கோயில் ரசீது எல்லாம் இருக்கின்றனவே?

அவர்கள் சொல்வது சரி. அந்தச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். ஆல்பத்தை விசா அதிகாரி புரட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது சான்றிதழ். உங்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்திலேயே வழி உண்டு. வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதன் 15ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் இதற்கு நீங்கள் இருவருமே மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்பும் உண்டு. மனைவி ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: மனைவிக்கு ஓசிஐ அட்டை எப்போது கிடைக்கும்? கிடைத்ததும் எங்கள் தென்னந்தோப்பில் நான்கு ஏக்கரை அவர் பெயருக்கு எழுதலாமா?

ஓசிஐ என்பது இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கும் இந்திய அரசு தரும் அட்டை. அதற்குத் திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாள்வரை தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். இதனால்தான் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லாரிடமும் நச்சரிக்கிறேன். அட்டை கிடைத்தால் ஆயுள் முழுக்க விசா வேண்டாம், காவல்துறைப் பதிவும் வேண்டாம். வாக்குரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது. விவாகரத்து ஆனால் அட்டை ரத்தாகலாம். ஒவ்வொரு முறை புதிய பாஸ்போர்ட் வாங்கும்போதும், திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியோடு மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

தோப்பை எழுத முடியாது. ஓசிஐ அட்டைக்காரர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் நிலம் ஆகியவற்றை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக அடைவதற்குத் தடையில்லை. ஆகவே தானப் பத்திரத்தை விட்டுவிட்டு, நல்ல வக்கீலாகப் பார்த்து உயில் எழுதுங்கள். பங்காளிகள் இருக்கும் தோப்பென்றால் இன்றே எழுதுங்கள்.

கோபிசெட்டிபாளையம், ஓர் அம்மா: மகனும் வெளிநாட்டு மருமகளும் எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமாமே? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை அம்மணி. வெளிநாட்டவர் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சி படிவம் என்பது அதன் பழைய பெயர். மகனை உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். மருமகளின் விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால், வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும், அதுவும் இணையத்தில்தான். முகவரிச் சான்றுக்கு உங்கள் பெயரிலுள்ள மின்கட்டண ரசீதை எடுத்து வையுங்கள்.

நாமக்கல் வாசகர்: திருமணத்தில் இருவருக்கும் நம்பிக்கையில்லை. சேர்ந்து வாழ விசா உண்டா?

இந்தியரின் மணமாகாத துணை என்பதற்காகத் தரப்படும் குடியிருப்பு விசா இல்லை. வேலை, படிப்பு என்று அவருக்கே சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் அந்த விசாவில் வரலாம்.

கோவை வாசகர்: நாங்கள் இருவரும் ஆண்கள். வெளிநாட்டில் சட்டப்படி மணந்தவர்கள். எக்ஸ் விசா கிடைக்குமா?

தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. அதனால் கணவர் என்ற முறையில் கேட்பது கடினம். உங்கள் துணைவர் வேலைவாய்ப்பு விசாவில் வருவதே இன்றைக்கு நடக்கக்கூடிய வழி. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான்.

ஈரோடு வாசகர்: மனைவி யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். ஓசிஐ கிடைக்காது என்கிறார்களே?

பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை இருந்தவர்களுக்கும், பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி அந்நாட்டுக் குடிமக்களாக இருந்தவர்களுக்கும்தான் அந்தத் தடை. இலங்கையருக்கு இல்லை. முகாமில் பதிவான அகதியென்றால் சட்டநிலை வேறு. அதற்குத் தனியாக எழுதுங்கள்.

கரூர் வாசகர்: கணவர் பிரிட்டிஷ்காரர், எக்ஸ் விசாவில் இருக்கிறார். இங்கே வேலைக்குப் போகலாமா? இந்தியக் குடியுரிமை எப்போது?

எக்ஸ் விசாவை வைத்துக்கொண்டு சம்பள வேலை கூடாது. வேலைவாய்ப்பு விசா வேண்டும், அல்லது ஓசிஐ வரும்வரை பொறுக்க வேண்டும். குடியுரிமைக்கு ஏழு ஆண்டு இந்தியாவில் குடியிருந்திருக்க வேண்டும். கடைசி 12 மாதம் இடைவிடாமல். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லாததால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட வேண்டும். அதற்கு அவர் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

உடுமலை வாசகர்: திருமணமாகி ஐந்து மாதம். மூன்றே மாதத்தில் ஓசிஐ வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் எண்பதாயிரம் கேட்கிறார். முன்பணம் பத்தாயிரம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு ஆண்டு என்பது குடியுரிமைச் சட்டத்தில் எழுதியிருப்பது. எந்த ஏஜெண்டாலும் குறைக்க முடியாது. இந்தியாவுக்குள் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 15,000 ரூபாய். விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் நிரப்பலாம். கொடுத்த பத்தாயிரத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவரிடம் மனைவியின் பாஸ்போர்ட்டையும் கொடுத்திருந்தால், பணத்துக்கு முன் அதை வாங்கி வந்துவிடுங்கள்.