எவர்நோட்டிலிருந்து ஜொப்ளினுக்கு: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எவர்நோட் என்ற குறிப்புச் செயலியில் இருக்கிறதை, திறந்த மூலச் செயலியான (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) ஜொப்ளினுக்கு மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தீங்கள்.

கிளிநொச்சி, ஆசிரியை: நாலாயிரம் குறிப்பு, முப்பது நோட்புக். எங்கே தொடங்க?

எண்ணிக்கையில் தொடங்குங்கோ. ஒவ்வொரு நோட்புக்கிலும் எத்தனை குறிப்பு என்று தாளில் எழுதி வையுங்கோ. மறைகுறியிட்ட பகுதிகளை எவர்நோட்டிலேயே திறந்து சாதாரண எழுத்தாக்குங்கோ, பிறகு திறக்க வழியில்லை. அடுத்து, லப்டொப்பில் நோட்புக்கை வலச்சொடுக்கி ஈஎன்இஎக்ஸ் கோப்பாக (எவர்நோட்டின் ஏற்றுமதி வடிவம்) ஏற்றுமதி செய்யுங்கோ, ஒரு நோட்புக்குக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரே ஜொப்ளினில் நோட்புக் பெயராகும். நோட்புக்குகளை அடுக்கிவைத்த ஸ்டாக் வராது. இணைப்புப் படங்கள் எழுத்தாக மாற்றப்பட்டு உள்ளே போவதால் கோப்பு மூன்றிலொரு பங்கு பெருக்கும்.

அந்தக் கோப்புகளை ஜொப்ளினில் இறக்குமதி செய்யும்போது நடுவில் கரண்ட் போனால் அரைகுறை நோட்புக்கை அழித்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கோ. அழிக்காவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். தாளோடு எண்ணிக்கை பொருந்தும்வரை பழைய எவர்நோட் கணக்கைத் தொடாதேங்கோ.

மாங்குளம்: போனில் மட்டும் செய்யலாமா?

முடியாது. ஒரு நாளைக்காவது கணினி வேணும்.

முல்லைத்தீவு: பழைய குறிப்புகள் ஆங்கில எழுத்தாக வருகுது அண்ணா.

அது பாமினி, யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டினது. ஜொப்ளின் குறிப்பை மார்க்டவுன் என்ற வெறும் எழுத்து வடிவமாக இறக்கும்போது எழுத்துரு விவரம் உதிர்ந்துபோகும், எது பாமினி என்ற அடையாளமும் அதோடு போகும். ஆனால் டேக் (குறிப்பில் ஒட்டும் அடையாளச் சொல்) உதிராது. ஆகவே ஏற்றுமதிக்கு முன்பே அந்தக் குறிப்புகளுக்குப் ‘பாமினி’ என்று டேக் போடுங்கோ. ஜொப்ளினுக்கு வந்தபின் டேக்கைத் திறந்து ஒவ்வொன்றாக யூனிகோட்டுக்கு மாற்றலாம்.

ஈஎன்இஎக்ஸ் கோப்பை முழுதாக, பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றியில் போடாதேங்கோ. அதன் கட்டளைச் சொற்களும் தமிழாகி, கோப்பு திறக்காது.

வவுனியா, பதிப்பு வேலை: ஏன் மாற்ற வேணும்? பாமினி எழுத்துருவை நிறுவினால் தெரியும்தானே.

கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. ‘காலபோகம்’ என்று தேடினால் அந்தக் குறிப்பு வராது. போனிலும் எழுத்துரு இராது.

அதே வவுனியா: அச்சுக்கு அனுப்ப எனக்குப் பாமினிதான் வேணும். மாற்றி என் ஆங்கில வரிகளையும் கெடுக்குது.

இரண்டாவது சரியான முறைப்பாடு. விதைநெல் இரகப் பெயர், மருந்துப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழாகும். பந்தி பந்தியாக மாற்றுங்கோ. அச்சுக்கு வேணுமென்றால் யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு எப்பவும் திரும்பலாம். குறிப்புகளுக்கு மூலம் யூனிகோட்தான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொன்று: பாமினியில் சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. போன் கீபோர்ட் முதலெழுத்தைப் பெரிதாக்கினால் ‘மரம்’ ‘முரம்’ ஆகும். மாற்றும்வரை போனில் திருத்தாதேங்கோ.

புதுக்குடியிருப்பு: என்ரையிலும் ஆங்கில எழுத்து...

மேலே முல்லைத்தீவுக்குச் சொன்னதுதான்.

மன்னார்: மாற்றியபின்னும் சில சொல் தேடலில் வரேல்லை.

சில பழைய மாற்றிகள் ‘கொ’வை ஒற்றைக்கொம்பும் அரவுமாகப் பிரித்து எழுதும். பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறாகலாம். பிரிந்ததைச் சேர்க்கும் மாற்றியைப் பாவியுங்கோ.

ஒட்டுசுட்டான்: ஒப்சிடியன் நல்லதாமே?

நல்லது, ஆனால் அந்தக் குறிப்புச் செயலி திறந்த மூலம் இல்லை. கேள்வி திறந்த மூலத்தைப் பற்றியது.

பரந்தன்: எல்லாம் வந்திட்டுது, பழைய கணக்கை அழிக்கலாமா?

எண்ணினீங்களா? எண்ணாமல் அழிக்காதேங்கோ. 2023 டிசம்பரிலிருந்து எவர்நோட் இலவசக் கணக்கில் 50 குறிப்பு, ஒரு நோட்புக்தான். அழித்தபின் திரும்ப ஏற்ற இடமில்லை.

துணுக்காய்: போன் டேட்டா தாங்குமா?

முதல் ஒத்திசைவை (கணினியிலிருக்கும் குறிப்புகள் போனுக்கும் வருவது) வைஃபையில் முடியுங்கோ. போனில் ஒத்திசைவு அமைப்புக்குள் இணைப்புகளைப் பதிவிறக்கும் முறையைக் கைமுறைக்கு மாற்றுங்கோ. குறிப்பின் எழுத்து மட்டும் வரும், படம் தொட்டால்தான் இறங்கும்.