வயிற்றைத் திறந்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

குடியாத்தத்திலிருந்து அப்பாவை இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு வேலூர் அழைத்து வந்திருக்கிறீர்கள். வயிற்றைத் திறந்த பிறகும் ஸ்கேன் பார்ப்பார்களாமே, ஏன் என்று கேட்கிறீர்கள்.

எதுவரை வெட்டுவது என்று முடிவு செய்யத்தான். இந்தப் புற்று இரைப்பையின் உள்சவ்வில் தொடங்குகிறது. நம்ம ஊர் முள்ளுக்கத்தரிக்காய் உள்ளே புழு இருந்தாலும் வெளியே பளபளவென்று இருக்குமே, அப்படித்தான். கெட்டியான கட்டி என்றால் கைக்குத் தட்டுப்படும். ஆனால் சில வகை கட்டியாகத் திரளாமல் சவ்வுக்கு அடியிலேயே படர்ந்து போகும். அங்கே விரல் ஏமாந்துவிடும்.

அதனால் ஒலி அலையால் படம் காட்டும் சின்ன அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவிக்கு உறை போட்டு இரைப்பை மேலேயே வைப்பார்கள். இடையில் காற்று இருந்தால் படம் வராது, உப்புநீர் ஊற்றிக்கொள்வார்கள். நல்ல சுவர் திரையில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என 5 அடுக்காகத் தெரியும். புற்று இருக்கும் இடத்தில் சுவர் தடித்து, அடுக்கெல்லாம் கலைந்து கருந்திட்டாகிவிடும். கருவியை மெல்ல நகர்த்தி, 5 அடுக்கும் மறுபடி தெளியும் இடத்தைக் குறிப்பார்கள். வெட்டுவது அங்கே இல்லை. படரும் வகைக்கு மேல்பக்கம் இன்னும் 5 செ.மீ. தள்ளி வெட்டச் சொல்கிறது ஜப்பானிய வழிகாட்டி நெறி.

சிதறிய செல்களை ஸ்கேன் காட்டாது, சாதாரண வீக்கமும் புற்று மாதிரி தெரியலாம். அதனால் வெட்டிய ஓரத்தை உடனே உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் உண்டு. ஓரத்தில் புற்று இருந்தால் இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். இதற்கெல்லாம் நேரமாகும். தியேட்டர் வாசலில் அம்மா பதறாமல் இருக்க, இதை அவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.