இரண்டு பென்னிக் கணக்கு

அன்புள்ள சார்,

அரைப் பரீட்சை விடுமுறையில் என் மகளுக்கு (மூன்றாம் வகுப்பு) 'மேரி பாப்பின்ஸ்' போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூட நாட்களில் நான் பார்த்துக் கிறங்கிப்போன படம். மறுநாள் அவளே கேட்டதால் 2018-இல் வந்த இரண்டாம் பாகம், 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்', அதையும் பார்த்தோம். எனக்கு அது பழைய படத்தின் மேல் தாளை வைத்து டிரேஸ் எடுத்த மாதிரி இருந்தது. அங்கே தரையில் வரைந்த சாக்பீஸ் ஓவியத்துக்குள் குதித்தார்கள். இங்கே பீங்கான் கிண்ணத்தில் இருக்கும் படத்துக்குள் குதிக்கிறார்கள். அங்கே புகைபோக்கி துடைப்பவர்களின் ஆட்டம். இங்கே தெருவிளக்கு ஏற்றுபவர்களின் ஆட்டம். அங்கே கடைசியில் பட்டம், இங்கே பலூன்.

மகளோ இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள். "முதல் படத்துல ஒண்ணுமே நடக்கலையேம்மா!" புறாத் தீனி விற்கும் பாட்டியின் பாட்டு வந்ததும் ஓட்டிவிடச் சொன்னாள். எனக்கு மனசே கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், "படம் மாறலை, உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டாம் பாகம் முதல் படத்தின் பெயரைக் காப்பாற்றுகிறதா? அல்லது சின்ன வயதில் பார்த்ததாலேயே பழையது எனக்கு உசத்தியாகத் தெரிகிறதா?

அன்புடன்,
எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது. 1964-இல் வந்த அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், பெரியப்பா வீட்டில், வாடகைக்கு எடுத்த டெக்கில். ராத்திரி முழுக்கப் பெரியவர்களுக்கு இரண்டு தமிழ்ப் படம். விடிந்த பிறகு, டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள், பிள்ளைகளுக்கென்று இது. தேய்ந்த கேசட். திரையின் அடியில் வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. ஒரு கைப்பைக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்குத் தொப்பி மாட்டும் ஸ்டாண்டை அவள் வெளியே எடுத்தது மட்டும் மனதில் நின்றது. அதற்கப்புறம் ஒரு வாரம் பெரியம்மாவின் மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தோம்.

நாற்பது வயதுக்குப் பிறகு திரும்பப் பார்த்தபோது அது வேறு படமாக இருந்தது. பையும் குடையும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அன்றைக்கு நான் கவனிக்கவே கவனிக்காத அப்பா பாத்திரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1910, லண்டன். வங்கியில் வேலை பார்க்கும் ஜார்ஜ் பேங்க்ஸ், பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் மும்முரமாக இருக்கும் மனைவி, ஜேன், மைக்கேல் என்று இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மேரி பாப்பின்ஸ் குடை பிடித்து வானத்திலிருந்து இறங்குகிறாள். அவ்வளவுதான். உங்கள் மகள் சொன்னது சரி, ஒன்றுமே நடக்காது. 139 நிமிஷப் படத்தில் பெரும்பகுதி ஊர் சுற்றலும் பாட்டும்தான். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை, வில்லன் இல்லை, கெடு இல்லை. நடக்கிற ஒரே விஷயம் அப்பாவின் மண்டைக்குள் நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பகலில் வங்கிக்குப் போகும் வழியில், செயின்ட் பால் தேவாலயப் படிக்கட்டில் ஒரு கிழவி புறாத் தீனி விற்கிறாள். ஒரு பை இரண்டு பென்னி. மைக்கேல் கையில் இரண்டு பென்னி இருக்கிறது. அப்பா விடவில்லை; வங்கியில் போட்டால் வளரும் என்கிறார். வங்கிக்குப் போனால் கிழட்டு முதலாளி காசைப் பிடுங்கிக்கொள்கிறார். என் காசைக் கொடு என்று பையன் போட்ட கூச்சலில் வாடிக்கையாளர்கள் மிரண்டு, எல்லாரும் பணத்தை எடுக்க முண்டியடிக்கிறார்கள். அன்று இரவே அப்பாவுக்கு வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. வேலை போகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். கிளம்பும்போது மைக்கேல் வந்து அந்தக் காசை அப்பாவின் கையில் வைக்கிறான். இதைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறான்.

அவர் தனியாக நடந்து போகிறார். தேவாலயப் படிக்கட்டு வருகிறது. கிழவி இல்லை, புறாக்களும் இல்லை. பகலில் கேட்ட பாட்டின் மெட்டு மட்டும் பின்னணியில் ஓடுகிறது. மனிதர் நின்று அந்தக் காலி இடத்தைப் பார்க்கிறார். வசனமே கிடையாது. அப்புறம் வங்கியில் அவர் சட்டையில் குத்தியிருந்த பூவைப் பிய்க்கிறார்கள், குடையை மடக்கிக் கிழிக்கிறார்கள், தொப்பியில் குத்தி ஓட்டை போடுகிறார்கள். பட்டாளத்தில் பட்டையைப் பிடுங்குவார்களே, அந்த மாதிரி. அவர் சட்டைப் பையில் கையை விடுகிறார். மகன் கொடுத்த இரண்டு பென்னி தட்டுப்படுகிறது. சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தக் காசை முதலாளியிடமே நீட்டி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் கிழிந்த பட்டத்தை ஒட்டுகிறார்.

வால்ட் டிஸ்னிக்கு இந்தப் படத்திலேயே மிகப் பிடித்தது அந்தப் புறாப் பாட்டுதான். பாட்டெழுதிய ஷெர்மன் சகோதரர்களை வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அறைக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாராம். ரிச்சர்ட் ஷெர்மன் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பதறியது தனியாக இல்லை.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1935, பொருளாதார மந்தம். மைக்கேல் வளர்ந்து மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. மனைவி இறந்து ஒரு வருஷம். அப்பா வேலை பார்த்த அதே வங்கியில் வேலை, அதே வங்கியில் கடன். வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் கட்டாவிட்டால் வீடு போய்விடும். அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரம் கிடைத்தால் தப்பிக்கலாம். அதைத் தேடுவதுதான் கதை. கடைசியில் பத்திரம் கிடைத்தும் முழுதாக இல்லை என்று தட்டிக்கழிக்கிறார்கள். அப்போது வயதான முதலாளி வந்து சொல்கிறார்: உன் அப்பா அன்றைக்கு இரண்டு பென்னி கொடுத்தாரே, அதை நாங்கள் புத்திசாலித்தனமாக முதலீடு செய்து வைத்திருக்கிறோம், அது வளர்ந்து கடனை அடைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது என்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வேலை போன மனிதர் வங்கியைப் பார்த்து அடித்த கிண்டலை, இவர்கள் ஃபிக்சட் டெபாசிட்டாக எடுத்துக்கொண்டார்கள்!

சும்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 வருஷம். பத்து சதவீதம் கூட்டு வட்டி என்றே வைத்துக்கொள்வோம், எந்த வங்கியும் அப்படிக் கொடுக்காது. இரண்டு பென்னி சுமார் 22 பென்னி ஆகும். அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங். ஆக முழுசாக இரண்டு ஷில்லிங்கூடத் தேறாது. வீடு என்ன, வாசல் கதவுக்குக்கூடக் காணாது. மாயாஜாலப் படத்தில் கணக்குக் கேட்கலாமா என்பீர்கள். கேட்கக்கூடாதுதான். ஆனால் கவனியுங்கள், இந்த இடத்தில் மாயத்தைச் செய்வது மேரி பாப்பின்ஸ் இல்லை, வங்கி. ஒரு பை புறாத் தீனிக்குக் கொடுப்பதைவிட வங்கியில் போட்டது சரியாகிவிட்டது என்று, முதல் படத்தில் எந்தக் கிழவர்களைப் பார்த்துச் சிரித்தோமோ அவர்கள் வாயாலேயே முடித்துவைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலிப் படிக்கட்டின் முன்னால் ஜார்ஜ் பேங்க்ஸ் எதற்காக நின்றார்?

இதில் நமக்கென்று ஒரு உறுத்தல் உண்டு. முதல் படத்தில் வங்கிக்காரர்கள் பாட்டாகப் பாடி மைக்கேலை மயக்கப் பார்ப்பார்கள். உன் இரண்டு பென்னி ஆப்பிரிக்காவில் ரயில் பாதையாகும், நைல் நதியில் அணையாகும், தேயிலைத் தோட்டமாகும் என்று. 1910-இல் பிரிட்டிஷ் பணம் போட்ட தேயிலைத் தோட்டங்களில், இலங்கையில், கொழுந்து பறித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கேட்காமலேயே இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு பிரித்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்தப் படம் வந்த அதே 1964-இல்தான். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் முதல் படம் அந்தப் பாட்டைக் கேலியாகப் பாடியது. இரண்டாவது படம் அதன் லாபத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறது.

டிரேஸ் எடுத்த மாதிரி என்றீர்கள். அதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. 54 வருஷம் கழித்து வருகிறவர்கள் பழைய கோலத்தின் புள்ளிகளை வைத்துக்கொண்டு போடுவது இயல்பு. பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடவைக்காத ரோஷமாவது அவர்களிடம் இருந்தது. மார்க் ஷைமனின் பின்னணி இசையில் பழைய மெட்டு அங்கங்கே தலைகாட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான். என் புகார் வேறு. கோட்டு போட்ட வில்லன், ஓநாய், குதிரை வண்டித் துரத்தல், பிக் பென் கடிகாரத்தில் ஏணி வைத்து ஏறுவது! பறக்கத் தெரிந்தவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு ஏற்றுகிற பையன்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். இவ்வளவு சாமான்களும் படத்தின் நல்ல விஷயத்தை மறைத்துவிடுகின்றன.

அந்த நல்ல விஷயம் என்ன என்று சொல்கிறேன். மைக்கேலாக வரும் பென் விஷா பத்திரம் தேடிப் பரணுக்குப் போகிறார். பழைய சாமான்களுக்கு நடுவில் இறந்துபோன மனைவியிடம் பேச ஆரம்பிக்கிறார். பாட்டு என்று சொல்ல முடியாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் தடுமாறுகிற குரல். பிறகு ஒரு இரவு மேரி பாப்பின்ஸ் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி ஒன்று பாடுகிறாள், தொலைந்துபோனவை எல்லாம் எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன என்று. இன்னொரு நாள், உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் பிள்ளைகள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்கு முதல் படத்தின் நினைப்பே எனக்கு வரவில்லை. முதல் படத்தின் அப்பாவுக்கு நேரம் இல்லை. இந்த அப்பாவுக்கு ஆள் இல்லை. இது வேறு துக்கம், முதல் படம் தொடாதது. இதை மட்டும் நம்பிப் படம் எடுத்திருந்தால் உங்கள் கேள்விக்கு நான் தயங்காமல் ஆமாம் என்றிருப்பேன். வீட்டுக் கடனையும் வில்லனையும் கொண்டுவந்து, துக்கத்தைப் பணத்தால் தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் பாகத்தில் மேரி பாப்பின்ஸாக வரும் எமிலி பிளண்ட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஜூலி ஆண்ட்ரூஸ் தன் முதல் படத்திலேயே ஆஸ்கர் வாங்கிய வேஷம்; அதைத் தொட்டவர் யாராக இருந்தாலும் அடி வாங்குவார்கள். ஆனால் பி. எல். டிராவர்ஸ் 1934-இல் எழுதிய புத்தகத்தில் இருப்பவள் கடைக் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்துக்கொள்கிற, எரிந்து விழுகிற பெண்மணி. அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர் எமிலி பிளண்ட்தான். ஜூலி ஆண்ட்ரூஸ் நமக்குப் பிடித்துப்போன டீச்சர். இவர் புத்தகத்து டீச்சர்.

உங்கள் மகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு ஒப்பிடப் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. ஓநாய் துரத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவளிடம் ஒன்றை மட்டும் காட்டுங்கள். இரண்டாம் பாகத்தில் கடைசியில் மேஜை மேல் ஏறி ஆடுகிறாரே அந்தக் கிழவர், அவர் டிக் வான் டைக். முதல் படத்தில் புகைபோக்கி துடைக்கும் பெர்ட்டாக வந்தவரும் அவரே, மைக்கேலின் காசைப் பிடுங்கிய கிழட்டு முதலாளியும் அவரே. அன்றைக்கு மேக்கப் போட்டுக் கிழவரானார். இங்கே அந்த முதலாளியின் மகனாக வருகிறார். படப்பிடிப்பு நடந்தபோது நிஜமாகவே 91 வயது. ஆடியதும் அவரேதான். இரண்டு பென்னிக் கணக்கைச் சொல்வதும் இவர்தான் என்பதால் எனக்கு அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அப்புறம், புறாப் பாட்டை அவள் ஓட்டச் சொன்னால் ஓட்டிவிடுங்கள். பெரியப்பா வீட்டில் நாங்கள் எல்லாரும் எழுந்து ஒண்ணுக்குப் போனது அந்தப் பாட்டின்போதுதான்.