ஃபாக்ஸ்புரோ மென்பொருளை எதில் மாற்றி எழுதுவது?

மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள நிரல்மொழியான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் ஓடும் பில், சரக்கிருப்பு மென்பொருளை சி ஷார்ப்பில் எழுதுவதா, பைத்தானில் எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழியை அப்புறம் பார்க்கலாம். முதலில் தரவை வெளியே எடுங்கள். ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9.0 வந்தது 2004இல். மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஓர் அட்டவணைக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

தரவுத்தளத்துக்கு நான் போஸ்ட்கிரெஸ்தான் சொல்வேன்; உரிமக் கட்டணம் கிடையாது. மாற்றும்போது கையைச் சுடுவது தேதிகள். ஃபாக்ஸ்புரோ வெற்றுத் தேதியை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் வாங்காது. அவற்றை 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லை) என்று மாற்ற வேண்டும். அழித்த பதிவுகளும் 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை கோப்பிலேயே கிடக்கும். அவற்றை வடிகட்டாமல் ஏற்றினால், என்றோ ரத்தான பில்லெல்லாம் உயிர்த்தெழுந்து கணக்கில் உட்கார்ந்துவிடும்.

இனி மொழி. உங்கள் பில் போடுபவர் மவுஸைத் தொடுகிறாரா என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். என்டர் விசையிலேயே ஓட்டுபவர் என்றால் சி ஷார்ப்பும், அதில் கணினித் திரைகளை அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸும் போதும். பழையது என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பல கிளைகள் இருந்து எல்லோரும் பிரவுசர் வழியே வேலை செய்ய வேண்டும் என்றால் மட்டும் பைத்தான், அதில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோ பக்கம் போங்கள்.