ஆலையில் பாதுகாப்புத் திட்டம்: கோப்பிலிருந்தா, களத்திலிருந்தா தொடங்குவது?

கிழக்கிலங்கையில் பெரும்போக நெல் ஆலைகளுக்கு வந்து சேரும் காலம் நெருங்குவதால், வேலைத்தலப் பாதுகாப்பைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். கேட்டவர்களின் விருப்பத்துக்கு இணங்கப் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனது அரிசி ஆலையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எங்களிடம் அரிசி எடுக்கும் நிறுவனம், "பாதுகாப்பு, சுகாதார முகாமைத்துவத் திட்டம் உள்ளதா?" என்று எழுத்தில் கேட்டிருக்கிறது. ஓர் ஆலோசகர் எல்லாம் அடங்கிய கோப்பு ஒன்றைத் தயாரித்துத் தருவதாக விலை பேசுகிறார். வாங்கலாமா?
(ஆலை உரிமையாளர், சம்மாந்துறை)

பதில்: வேறோர் ஆலைக்காக எழுதப்பட்டு, பெயரை மட்டும் மாற்றி உங்கள் மேசைக்கு வரும் கோப்பாக இருந்தால் வேண்டாம். உங்கள் ஆலையில் எந்த பெல்டுக்கு மூடி இல்லை என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் அந்த பெல்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள்தான்.

முதலில் நீங்களே செய்ய வேண்டியவை சில உள்ளன. பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். அவருக்குப் பதவிப் பெயரோடு அதிகாரத்தையும் கொடுங்கள். வாசலில் லொறி காத்துக்கொண்டு நிற்கும் நேரத்திலும், ஆபத்து என்று தோன்றினால் உங்களைக் கேட்காமலே இயந்திரத்தை நிறுத்த அவரால் முடிய வேண்டும். நிறுத்தியது தேவையில்லாமற் போய்விட்டாலும் அதற்காக நீங்கள் அவரை ஏசக் கூடாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் கையொப்பத்துடன் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். சிங்கள மொழி பேசும் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுடைய மொழியிலும் ஒட்டுங்கள். திருத்த வேலைகளுக்கென்று மாதந்தோறும் ஒரு தொகையையும் ஒதுக்கி வையுங்கள். பணமும் அதிகாரமும் இல்லாத பாதுகாப்புப் பொறுப்பாளர் பழி சுமக்க வைக்கப்பட்ட ஆளாகவே முடிவார்.

அடுத்தது, நெல் போகும் வழியிலேயே நடந்து பார்ப்பது. மூட்டை இறங்கும் இடம், ஊறவைக்கும் தொட்டி, கொதிகலன், உலர்த்தும் களம், உமி நீக்கும் இயந்திரம், தீட்டும் இயந்திரம், அரிசி மூட்டை கட்டும் இடம் என ஒவ்வொன்றிலும் அங்கு வேலை செய்பவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இங்கு உங்களைப் பயமுறுத்தியது எது? எது உங்கள் உடம்பை வருத்துகிறது? இயந்திரம் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மிகக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். ஏனெனில் இயந்திரம் ஒழுங்காக ஓடும்போது கைகள் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்; அடைப்பு எடுக்கும்போதும், துப்புரவு செய்யும்போதும், பெல்ட் மாற்றும்போதும்தான் அவை உள்ளே போகின்றன.

நெல்லை மேலே ஏற்றிவிடும் எலிவேட்டரை எடுத்துக்கொள்வோம். அடியில் நெல் தேங்கி அது நின்றுவிடுகிறது. முழு வரிசையையும் நிறுத்தினால் மறுபடி ஓடவிட நேரம் பிடிக்கும் என்பதால், எலிவேட்டரின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, கீழ்க் கதவைத் திறந்து ஒருவர் கையால் நெல்லை வழிக்கிறார். சுவர் மறைப்பதால் சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு அந்தக் கை தெரியாது. "ஏன் இது நின்று கிடக்கிறது?" என்று அவர் நல்லெண்ணத்தோடு மறுபடி போட்டுவிடுகிறார். கவனமாக இருங்கள் என்று இவ்விருவருக்கும் எத்தனை முறை சொன்னாலும் இந்த ஆபத்து தீராது. சுவிட்சை அணைத்த நிலையில் மாட்டக்கூடிய ஒரு சிறு பூட்டும், அதன் ஒரே சாவி உள்ளே கை வைப்பவரின் சட்டைப் பையில் இருப்பதும் அதைத் தீர்க்கும். இரண்டு பேர் கை வைத்தால் இரண்டு பூட்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் மாதச் செலவை இதற்கே வைப்பேன்.

பட்டியல் தயாரானதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. உயிரை அல்லது உறுப்பைப் பறிக்கக் கூடியவற்றை மேலே வையுங்கள். திருத்தும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றால் அதை மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் மூடி, வலை, கைபிடிக் கம்பி போன்ற தடுப்பை வையுங்கள். அதற்குப் பிறகே விதிகளும் பயிற்சியும் வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையுறையும் முகக்கவசமும். சாறனை மடித்துக் கட்டி, தோளில் துவாயோடு, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி மூடியில்லாமல் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் போகிறவரைப் பார்த்து "காற்சட்டை போட்டு வா" என்று சொல்வது தேவைதான். ஆனால் புல்லிக்கு வலை அடித்துவிட்டால், சொன்னதை அவர் ஒருநாள் மறந்து வந்தாலும் துணி சிக்காது.

மூட்டை விடயத்திலும் இதே வரிசைதான். சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் தனியாகக் கையால் தூக்கிச் சுமக்கும் சுமைக்கு 55 கிலோவை எல்லையாகச் சொல்கிறது. நம் பகுதியில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்களான நாட்டாமைகளின் முதுகில் ஏறும் நெல் மூட்டைகள் பல அதைத் தாண்டியவை. முதுகுப் பட்டி வாங்கிக் கொடுப்பதற்கு முன், சாக்கில் நிரப்பும் அளவைக் குறைக்க முடியுமா, லொறித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை கட்ட முடியுமா என்று பாருங்கள்.

இரண்டு இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று கொதிகலன். பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்து நீராவி வீணாகிறது என்று அதன் மேல் பாரம் வைப்பதோ கம்பியால் இழுத்துக் கட்டுவதோ, வெடிப்பதற்கு நாமே நாள் குறித்துக் கொடுப்பதாகும். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியாத நேரத்தில் பதற்றத்தில் உள்ளே குளிர்நீரைப் பாய்ச்சுவதும் அவ்வாறே. அப்போது முதலில் செய்ய வேண்டியது உமி போடுவதை நிறுத்தி நெருப்பைத் தணிப்பது. அதிகாரமளிக்கப்பட்ட பரிசோதகரைக் கொண்டு காலமுறைப்படி கொதிகலனைச் சோதிப்பித்து அறிக்கையை வைத்திருப்பது சட்டக் கடமையும் ஆகும்.

மற்றது ஊறவைக்கும் தொட்டி. தண்ணீர் வடிந்த பின் அடியில் புளித்துக் கிடக்கும் நெல், தொட்டிக்குள் இருக்கும் ஒக்சிசனைக் குறைத்துவிடும். சாதாரணக் காற்றில் ஒக்சிசன் ஏறத்தாழ 21 வீதம், 19.5 வீதத்துக்குக் கீழே போனால் அந்த இடத்தை ஆபத்தானதாகக் கொள்வது வழக்கம். ஆனால் இந்தக் குறைவை மூக்கு அறியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் பாய்ந்தவரும் விழுவதே இத்தகைய விபத்துகளின் வழக்கமான போக்கு. வெளியில் நின்று நீண்ட பிடியுள்ள மட்டையால் வழிப்பதற்கு ஏற்றபடி தொட்டியின் வாயை மாற்றுவதே நல்லது. இறங்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் விசிறியால் நன்றாகக் காற்று ஊட்டி, ஒக்சிசன் அளவைக் கருவியால் பார்த்து, இடுப்பில் கயிற்றுடன், மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க இறங்க வேண்டும். மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது.

கேட்ட நிறுவனத்துக்கு நீங்கள் காட்ட வேண்டியது இவ்வளவே: கையொப்பமிட்ட அந்த ஒரு பக்கம், ஆபத்துப் பட்டியல், எது எப்போது யாரால் திருத்தப்பட்டது என்ற பதிவு, பயிற்சி பெற்றவர்களின் பெயர்கள், மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் குறிப்பேடு, மாதந்தோறும் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவற்றைப் பார்த்ததன் குறிப்பு. சர்வதேச தொழில் அமைப்பின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டலும், 2018இல் வெளிவந்த, வேலைத்தலப் பாதுகாப்பு முகாமைத்துவத்துக்கான ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரமும் கேட்பதன் உள்ளடக்கம் இதுதான். அவர்கள் ஐஎஸ்ஓ சான்றிதழையே வேண்டும் என்றால் அது வேறு செலவு. அப்போதும் இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு ஆலோசகரை அழையுங்கள்.

கேள்வி: முதலாளி தலைக்கவசமும் முகக்கவசமும் வாங்கித் தந்திருக்கிறார். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவற்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. போடாத நாளுக்குச் சம்பளத்தில் வெட்டு என்கிறார். இது சரியா?
(ஆலைத் தொழிலாளி, நிந்தவூர்)

பதில்: முகக்கவசத்தை விட்டுவிடலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். நீங்கள் உமிச் சாம்பல் அள்ளும் வேலையில் இருந்தால் அது மிகவும் தேவை. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. அதிக வெப்பத்தில் எரியும்போது அதில் ஒரு பகுதி நுரையீரலுக்குக் கூடுதலான தீங்கு செய்யும் படிக வடிவத்துக்கு மாறலாம். துணி முகக்கவசம் அந்த நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு நன்றாகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசமே வேண்டும்.

ஆயினும் உங்கள் முதலாளி, முதற் பதிலில் சொன்ன திருத்தும் வரிசையின் கடைசிப் படியிலிருந்து தொடங்கியிருக்கிறார். சாம்பலை அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்தாலே தூசி பெருமளவு அடங்கும். தூசி உறிஞ்சும் குழாய்களின் ஓட்டைகளை அடைத்தால் மற்ற இடங்களில் நாள் முழுவதும் முகக்கவசம் போட வேண்டிய தேவையே குறையலாம். மேலிருந்து எதுவும் விழாத இடத்தில் தலைக்கவசம் எதற்கு என்பதையும் அவரோடு பேசலாம். வெக்கையைத் தனி ஆபத்தாகவே பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்: சாம்பல் அள்ளும் வேலையை விடியற்காலைக்கு மாற்றுவது, நிழலில் இடைக்கிடை ஓய்வு, கை எட்டும் தூரத்தில் குடிநீர் என்பவையே அதற்கான பதில்கள்.

சம்பள வெட்டைப் பற்றி, இதை வாசிக்கும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. தண்டனைக்குப் பயந்தவர் முகக்கவசத்தை நீங்கள் வரும்போது மட்டும் ஏற்றிக்கொள்வார். அதைவிட மோசமாக, கை நழுவித் தப்பியதையும் உங்களிடம் சொல்ல மாட்டார். அந்தச் செய்திகள் நின்றுவிட்டால் அடுத்த விபத்தை முன்கூட்டி அறிய உங்களுக்கு வேறு வழியில்லை.

கேள்வி: எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் குளிரூட்டுவதற்கு அமோனியா வாயுவைப் பயன்படுத்துகிறோம். கசிவு ஏற்பட்டால் ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு வால்வைப் பூட்டலாம் என்று பழைய மெக்கானிக் சொல்கிறார். போதுமா?
(மேற்பார்வையாளர், வாழைச்சேனை)

பதில்: போதாது. ஈரத் துணி வெளியே ஓடித் தப்புவதற்குச் சற்று உதவலாம். உள்ளே போவதற்கு ஒருபோதும் உதவாது. கசிவு பெரிதானால், காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவியும் அதில் பயிற்சியும் உள்ளவரைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. வால்வை வெளியிலிருந்து பூட்டக்கூடியவாறு அமைக்க முடியுமா என்பதை இப்போதே பாருங்கள்.

எல்லோரும் எங்கே ஒன்றுகூடுவது என்பதையும் தீர்மானியுங்கள். நம் கரையோரத்தில் பகலில் கடலிலிருந்தும் இரவில் தரையிலிருந்தும் காற்று வீசுவது வழக்கம் என்பதால் ஒரே இடத்தைக் குறிப்பது ஆபத்து. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு இடங்களைக் குறித்து, கூரை மேல் ஒரு துணிக்கொடி கட்டி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போகப் பழக்குங்கள். தலைகளை எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கான குழாய் இயந்திர அறைக்கு வெளியே இருக்கட்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைப்பவர், அமோனியா என்ற சொல்லை முதலிலேயே சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளுக்கும் இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பின்பு ஒருநாள், அறிவிக்காமல், இரவு வேலை நேரத்தில் ஒத்திகை நடத்துங்கள். பூட்டிக் கிடக்கும் பின்கதவு அப்போதுதான் தெரியவரும்.

கேள்வி: என் தம்பிக்கு வேலைத்தலத்தில் விரல் துண்டானது. முதலாளி வைத்தியசாலைச் செலவைத் தந்து, "வெளியே பெரிதாக்க வேண்டாம்" என்கிறார். தம்பி நாட்கூலிக்காரன். ஏதும் உரிமை உண்டா?
(வாசகி, ஏறாவூர்)

பதில்: உண்டு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிற்சாலையில் உயிரிழப்பு நேர்ந்தாலோ, ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் தமது வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமற் போனாலோ, அதை உடனடியாக எழுத்தில் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. நட்டஈடு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாட்கூலி என்ற ஒரே காரணத்துக்காக, முதலாளியின் தொழிலுக்காகவே வேலை செய்த ஒருவர் அதிலிருந்து விலக்கப்படுவதில்லை. வைத்தியசாலைச் செலவைக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அது நட்டஈட்டுக்கு ஈடாகாது. காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள். வைத்தியசாலைப் பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். அவற்றோடு தாமதிக்காமல் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லுங்கள். விளங்காத எந்தத் தாளிலும் தம்பி கையொப்பமிட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய தளபாடப் பட்டறை. எங்களுக்கும் திட்டம், குழு, கோப்பு எல்லாம் வேண்டுமா?
(தச்சுத் தொழிலாளி, களுவாஞ்சிக்குடி)

பதில்: குழு வேண்டாம், ஒரு கொப்பி போதும். சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது அந்த வாரம் எது பயமுறுத்தியது என்று மூன்று பேரும் சொல்லி எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை அது திருத்தப்பட்டதா என்று பாருங்கள். வட்டவாளுக்கு மேல்மூடி இல்லையென்றால் கொப்பியின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். சிறிய துண்டுகளை வாளுக்குள் விரலால் தள்ளாமல் தள்ளுவதற்கு, கழிவுப் பலகையில் நுனி வெட்டிய தள்ளுகட்டை இரண்டு மூன்று செய்து வாள்மேசையிலேயே தொங்கவிடுங்கள். மரத்தூளை அன்றன்றைக்கே கூட்டி அகற்றுங்கள். பொலிஷ் தின்னர் டின்களை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.