தென்கடலா, வடகடலா?

(துபாயில் உல்லாசப் படகுகளில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியவர், வாசகர்களின் படகுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மே மாதம் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் வருகிறோம். படகில் சுற்ற எந்தப் பக்கம் நல்லது? (மதுரை வாசகி)

ராமேஸ்வரத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. எங்களுக்குத் தென்கடல், வடகடல். இரண்டும் சேர்ந்து முரண்டு பிடிப்பது அபூர்வம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கியதும் அப்படியே தலைகீழ். ஆகவே மே என்றால் வடகடல்தான். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். துடுப்புப் போட ஆசைப்படும் பையன் இருந்தால் பிரப்பன்வலசையில் கயாக் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறையில் சும்மா நிற்கிற படகைப் பார்த்து, "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிப் போங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். மீன்பிடிப் படகு ஆள் ஏற்றி உலாப் போவதற்கானது இல்லை. தென்கடலில் இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது.

எனக்குப் படகு ஏறினாலே வாந்தி. என்ன செய்வது? (கோவை வாசகர்)

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். அணியத்தில், அதாவது முன்பக்கம், தூக்கிப் போடும். பின்னால் டீசல் புகை. நடுவில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள். போனைப் பார்க்கவே கூடாது. மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து கடலுக்குள் போகும்.

பாய் கட்டி ஓடுகிற படகு இப்போதும் இருக்கிறதா? அதிலே அப்படி என்ன சுகம்? (திண்டுக்கல் வாசகர்)

இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி விடுவார்கள். காற்று அழுத்திப் படகு ஒருபக்கம் சாயும்போது, குறுக்கே நீட்டிக் கட்டிய பலகையில் ஆட்கள் ஓடிப்போய் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். சிலர் மணல் மூட்டையும் ஏற்றுவார்கள். காற்று தணிந்தால் அதே மணலைக் கடலில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். கரையில் நின்று பார்த்தால் கூத்து மாதிரி இருக்கும். பலகை மேல் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பா தாமானைக் கையில் கொடுத்தார். பாயின் நுனியைப் பிடித்திருக்கும் கயிறுக்கு அதுதான் பெயர். "காத்து கூடுனா விட்டுக் குடு, கட்டிப் போட்டுறாதே" என்றார். கை வலித்தது என்று நான் அதைக் குறுக்குச் சட்டத்தில் சுற்றி வைத்தேன். அடுத்து வந்த காற்றில் படகு ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கால் வரை தண்ணீர். அப்பா திட்டவில்லை. தண்ணீர் இறைக்கிற டப்பாவை என்னிடம் நீட்டினார், அவ்வளவுதான். கரை சேரும் வரை இறைத்தேன்.

துபாயில் ஐம்பது அடிப் படகில் பொத்தானை அழுத்தினால் பாய் விரியும். வசதிதான். ஆனால் காற்று கயிறு வழியாக உள்ளங்கைக்கு வருகிற அந்தச் சமாசாரம் அதில் கிடையாது. சுகம் என்று கேட்டீர்களே, அதுதான்.

வெளிநாட்டு மெரினாவில் படகைக் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நம் பக்கம் அப்படி உண்டா? (சென்னை வாசகி)

வெள்ளைத் துணி விரித்த மேஜை கிடையாதம்மா. அங்கே நான் பரிமாறிய நண்டு எந்த ஊர் ஐஸ் பெட்டியிலிருந்து வந்ததோ தெரியாது. இங்கே வலையிலிருந்து கழற்றும்போதே பார்க்கலாம். நீலக்கால் நண்டு வாங்கினால் கையில் தூக்கிப் பாருங்கள், கனக்க வேண்டும். அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்பது எங்கள் வீட்டு அம்மாவின் கட்சி. நான் வாதாடுவதில்லை.

காரங்காட்டில் ஊர்ப் பெண்களே கடல் சாப்பாடு சமைத்துத் தருகிறார்கள். படகு இறங்கி ஈரக்காலோடு உட்கார்ந்து சாப்பிடலாம். மிளகு தூக்கலாக இருக்கும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள்.

புதிய பாம்பன் பாலம் தூக்குவதை எங்கே நின்று பார்க்கலாம்? (விருதுநகர் வாசகர்)

பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்து. 1914-இல் வந்த பழைய பாலம் இரண்டு கையையும் விரித்த மாதிரி திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. நினைத்த நேரமெல்லாம் தூக்க மாட்டார்கள். கப்பலோ பெரிய படகோ கடக்கும் நாளாகப் பார்த்து வர வேண்டும்.

சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகர்)

காரைக்குடியில் இருந்துகொண்டா? தண்ணீரிலேயே கட்டிப் போட்டால் அடியில் கொட்டலசு, அதாவது ஓட்டோடு இருக்கும் சின்னக் கடல் உயிர், ஒட்டும். கரையில் ஏற்றிச் சுரண்ட ஆள் வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்கு எங்கள் ஊரில் நாங்களே குடத்தோடு அலைகிறோம். படகு வைத்திருக்கும் ஒருவரோடு சிநேகமாக இருங்கள். வரும்போது அவருக்குக் கொஞ்சம் செட்டிநாட்டுச் சீப்புச் சீடை கொண்டு வாருங்கள்.